அறிவுச்செல்வன் முகம் படிக்கிறார்

மனிதர்களில் முகம் படிக்கிறவர் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரிந்திருக்கும். டவுன் பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கண்டக்டர் வருவதற்குள் உங்களை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்து, "ஆஸ்பத்திரிக்கா?" என்று கேட்பார். நீங்கள் கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருப்பீர்கள். அதைச் சொன்னால் அவர் கலங்கிவிடுவாரா? "அதான பாத்தேன், மூஞ்சில ஒரு வாட்டம் இருக்கு. பந்தியில பாத்து சாப்பிடுங்க" என்பார். நீங்களும் பாயசத்தைத் தொடாமல் எழுந்து வருவீர்கள்.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்களில் இந்த இனம் அதிகம். வேலைக்கு ஆள் எடுக்கிறவர்களில் உண்டு, மாமியார்களில் கேட்கவே வேண்டாம், ஜவுளிக்கடை வாசலில் நின்று கும்பிடுகிறவர்களிலும் உண்டு. இவர்களெல்லாம் போகிற போக்கில் கற்றுக்கொண்டவர்கள். முறைப்படி, கட்டணம் கட்டி, வெளிமாநிலம் போய்க் கற்றுவந்தவர் புதுக்கோட்டை மாவட்டத்தில் அநேகமாக ஒருவர்தான். திருக்கோகர்ணத்தில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். பெயர் அறிவுச்செல்வன்.

டைல்ஸ் கம்பெனிகள், நன்றாக விற்றுக் கொடுக்கிற கடைக்காரர்களை எப்போதாவது சுற்றுலா கூட்டிப்போகும். ஒரு வருஷம் கோவா. ஆற்றில் நிற்கிற கப்பலுக்குள் கேசினோ. மற்ற கடைக்காரர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு இறால் இருக்கிற இடத்தில் வரிசை கட்டி நின்றபோது, அறிவுச்செல்வன் கை கழுவ இடம் தேடி வழி தப்பி மேல்தளத்துக்குப் போனார். அங்கே போக்கர் என்கிற சீட்டாட்டத்துக்கு சாம்பியன்ஷிப் தொடர் நடந்துகொண்டிருந்தது.

மேஜைக்கு ஒன்பது பேர். குளிருக்குப் பயந்தவர்கள் மாதிரி தலையை மூடியிருந்தார்கள், வெயிலுக்குப் பயந்தவர்கள் மாதிரி கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்கள். பேச்சில்லை. பரீட்சை ஹால் போல இருந்தது; காசுக்குப் பதிலாகக் கொடுக்கிற வட்டச் சில்லுகளை எல்லோரும் விரலுக்குள் உருட்டுகிற சத்தம் மட்டும் சில்வண்டு மாதிரி கேட்டது. ஒருவர் தன்னிடம் இருந்த அத்தனை சில்லையும் நடுவில் தள்ளினார். எதிரில் இருந்தவர் அவர் முகத்தையே பார்த்தார். பார்த்தார், பார்த்தார், கடைசியில் கையிலிருந்த சீட்டைக் கவிழ்த்துப் போட்டுவிட்டார். தள்ளியவர் தன் சீட்டைத் திருப்பிக் காட்டினார். ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாமல் ஜெயித்திருக்கிறார்!

அறிவுச்செல்வனுக்குப் புல்லரித்தது. சீட்டு சும்மா ஒரு சாக்கு, ஆட்டம் முழுக்க முகத்தில் இருக்கிறது என்று அந்த நிமிஷம் அவருக்குப் புரிந்தது. முகம் படிக்கத் தெரிந்தால் இந்த மேஜையில் மட்டுமா, எந்த மேஜையில் உட்கார்ந்தாலும் ஜெயிக்கலாம். இறால் தீர்ந்துபோயிருந்தது. அவருக்குக் கவலையில்லை.

அதிலிருந்து வருஷம் தவறாமல் போகிறார். தொடர் என்றால் ஒரே போட்டி இல்லை. சின்னதும் பெரிசுமாகப் பல போட்டிகள் ஒரு வாரத்துக்கு மேல் ஓடும். கடைசியில் பெரிய போட்டி, அதற்கு மெயின் ஈவன்ட் என்று பெயர். எல்லோருக்கும் ஒரே அளவு சில்லு கொடுத்து உட்காரவைப்பார்கள். சில்லு தீர்ந்தவர் எழுந்துவிட வேண்டும். முதல் நாள் எழுந்திருக்காதவர்கள் இரண்டாம் நாள் ஆடலாம். அறிவுச்செல்வன் இரண்டாம் நாளைப் பார்த்ததில்லை. முதல் நாள் தேநீர் இடைவேளையைக்கூட ஒரே ஒரு தடவைதான் பார்த்தார்.

வீட்டில் மோர்பிக்குப் போகிறேன் என்பார். குஜராத்தில் டைல்ஸ் செய்கிற ஊர் அது. டைல்ஸ் கடைக்காரர் போகவேண்டிய ஊர்தான். திரும்பும்போது இரண்டு பாக்கெட் முந்திரி வாங்கிவருவார். முதல் தடவை அவர் மனைவி சுகுணா பாக்கெட்டின் மேலே எழுதியிருந்த ஊர்ப் பெயரைப் படித்தாள். அப்புறம் முந்திரியை டப்பாவில் கொட்டி மூடினாள். அறிவுச்செல்வன் அவள் முகத்தைப் படித்தார். நம்பிவிட்டாள் என்று தெளிவாக இருந்தது.

பயிற்சி விட்டுப்போகக்கூடாது என்று கடையிலும் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார ஆரம்பித்தார். வாடிக்கையாளர்கள் மெட்ராஸ் ஐ என்று நினைத்து எட்ட நின்றார்கள். அவருக்கு அது வசதியாக இருந்தது. தள்ளி நின்றால் முழு ஆளும் தெரியும். யார் மூக்கைச் சொறிகிறார், யார் காலை ஆட்டுகிறார், விலையைக் கேட்டதும் யார் கூரையைப் பார்க்கிறார். எல்லாவற்றுக்கும் அவரிடம் அர்த்தம் இருந்தது. ஒருநாள் ஒருவர் வந்து நாலைந்து மாடல் பார்த்தார், விலை கேட்டார், கழுத்தைத் தேய்த்துக்கொண்டார். அறிவுச்செல்வன் நாற்காலியிலிருந்து எழவில்லை. டீ சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் கடையில் வேலை பார்க்கிற நாகராசு வெளியே போய்ப் பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

"மொதலாளி, அந்த ஆளு எதுத்தாப்புல கடையில கல்யாண மண்டபத்துக்கே வாங்குறாரு. லாரி வந்து நிக்குது."

"நான் பாத்தப்ப அது வாங்குற மூஞ்சி இல்லப்பா. அங்கிட்டுப் போறப்ப மனசு மாறியிருக்கும்."

"நல்லாத்தான் கேட்டாரு மொதலாளி."

"கழுத்தத் தேச்சாருல்ல? பொய் சொல்றவந்தான் கழுத்தத் தேய்ப்பான்."

"அவரு கழுத்துல பட்டை போட்டிருந்தாரு மொதலாளி. டாக்டரு போடுவாங்கள்ல, அது."

அறிவுச்செல்வன் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, "அதுவும் ஒரு டெக்னிக்" என்றார்.

இந்த இனத்தின் பலமே இதுதான். படித்தது ஒருபோதும் தப்பாகாது. முகம்தான் பிறகு மாறிவிடுகிறது.

இந்த வருஷம் சிக்கல், தங்கச்சி வீட்டிலிருந்து வந்தது. கார்த்திகாவை ஆவுடையார்கோவிலில் கட்டிக்கொடுத்திருக்கிறது. மாப்பிள்ளை வெற்றிசெல்வன் கத்தாரில் வேலை, லீவில் வந்திருந்தார். லீவு முடிவதற்குள் மகளுக்குக் காதுகுத்து வைக்கவேண்டும். வைத்தார்கள். மெயின் ஈவன்ட்டின் இரண்டாம் நாள் எதுவோ, அதே நாள் காலையில்.

காதுகுத்துக்குப் பந்தல் இல்லாவிட்டாலும் ஒப்பேற்றிவிடலாம், சமையல்காரர் ஓடிப்போனால்கூட ஹோட்டலில் சொல்லிவிடலாம், தாய்மாமன் மடிக்கு எங்கே போவது? பிள்ளையை அந்த மடியில் வைத்துத்தான் ஆசாரி ஊசியை எடுப்பார். கார்த்திகாவுக்கு ஒரே அண்ணன். அப்பாவும் அம்மாவும் போன பிறகு, அவள் தன் புகுந்த வீட்டு ஆட்களுக்கு முன்னால் இதுதான் நான் பிறந்த வீடு என்று காட்டுவதற்கு அந்த ஒரு மடிதான் மிச்சம். அது அவருக்கும் தெரியும்.

"அண்ணே, நீ வராம நான் ஆசாரிய ஊசியத் தொட விடமாட்டேன், சொல்லிப்புட்டேன்" என்றாள் போனில். "போன தடவ மாதிரி பந்தி முடியிற நேரத்துக்கு ஆடி அசைஞ்சு வந்து நின்ன, மொட்டை ஒனக்குத்தான்."

"ஏந்தா, நான் வராம இருப்பேனா? மோர்பிக்கு ஒரு எட்டு போயிட்டு, மொத நாளே வந்துருவேன்."

பொய் சொல்லும் எண்ணம் அவருக்கு இல்லை. கணக்கு அவரிடம் சரியாக இருந்தது. பெரிய போட்டியில் முதல் நாள் ஆட்டத்தை இரண்டு கூட்டமாகப் பிரித்து அடுத்தடுத்த நாளில் வைப்பார்கள். அவர் முதல் கூட்டம். வழக்கம்போல அன்றைக்கே தோற்றுவிட்டு, மறுநாள் விமானத்தில் திருச்சிக்கு வந்து, அதற்கும் மறுநாள் காலை மடியைக் கொண்டுபோய்க் கோயிலில் வைத்துவிடலாம். டிக்கெட்டும் போட்டாயிற்று. சாம்பியன்ஷிப்புக்குப் போகிற ஆள் தன் தோல்வியை நம்பி டிக்கெட் போடுவதை நீங்கள் வேறு எங்கேயும் பார்க்க முடியாது.

ஆனால் அன்றைக்கு அவர் தோற்கவில்லை.

எப்படி என்று கேட்டால், ஆடவில்லை, அதனால்தான். அன்று பார்த்த அத்தனை முகத்திலும் அவருக்கு நல்ல சீட்டு தெரிந்தது. பெங்களூர்ப் பையன் கொட்டாவி விட்டான், நல்ல சீட்டு. பஞ்சாபிக்காரர் தண்ணீர் குடித்தார். ரொம்ப நல்ல சீட்டு. அறிவுச்செல்வன் வந்த சீட்டையெல்லாம் கவிழ்த்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். மற்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சில்லுகளைத் தொலைத்து எழுந்துபோனார்கள். எப்போதாவது ஒருமுறை அவர் சில்லை எடுத்து வைத்தபோது, இத்தனை நேரம் சும்மா இருந்த மனுஷர் கை வைக்கிறாரே என்று மேஜையே பயந்து சீட்டைக் கவிழ்த்தது. ஆட்டம் நின்றபோது அவர் முன்னால் ஒரு குட்டிக் குவியல் இருந்தது. மிச்சமிருக்கிற சில்லை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, ஒட்டி, பெயர் எழுதி வாங்கி வைத்துக்கொள்வார்கள். பையைத் தூக்கிப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டார். யாருக்கு அனுப்புவது? அவர் மோர்பியில் அல்லவா இருக்கிறார்.

மறுநாள் அவருக்கு ஓய்வு. மதியம் விமானம். ஏறிவிட்டால் மடி கோயிலில் இருக்கும், கப்பலில் நாற்காலி காலியாக இருக்கும். ஆள் இல்லை என்பதற்காக ஆட்டம் நிற்காது. காலி நாற்காலிக்கு முன்னால் அவருடைய சில்லுகளை வைத்து, அவருடைய பங்கைச் சுற்றுக்குச் சுற்று எடுத்துக்கொண்டே இருப்பார்கள், தீரும்வரை. பையின் போட்டோவை இன்னொரு தரம் எடுத்துப் பார்த்தார்.

நீங்களோ நானோ என்றால் என்ன செய்வோம்? தலையைச் சொறிந்துகொண்டு விமானம் ஏறுவோம். அல்லது குற்ற உணர்ச்சியோடு தங்குவோம். முகம் படிக்கத் தெரிந்தவருக்கு அந்தத் தடுமாற்றமெல்லாம் எதற்கு? தங்கச்சிக்கு வருத்தம் இருக்குமா, இருக்காதா என்பதைத் தங்கச்சியின் முகத்திலேயே பார்த்துவிட்டால் போயிற்று. ஹோட்டல் பால்கனியில் நின்று வீடியோ காலில் கூப்பிட்டார்.

"தா, ஃபேக்டரில ஒரு சிக்கல். லோடு ஏத்த விடமாட்டேங்குறாங்க. நாளைக்கும் இருந்தே ஆகணும் போல இருக்கு."

கார்த்திகா தலையில் துண்டு கட்டியிருந்தாள். பின்னால் யாரோ பாத்திரம் இறக்கிக்கொண்டிருந்தார்கள். திரையில் அண்ணனுக்குப் பின்னால் பார்த்தாள்.

"பின்னாடி கப்பல் போகுது" என்றாள்.

"அது ஃபேக்டரிக்குப் பக்கத்துல ஒரு ஏரி."

"ஓ."

"நான் வராட்டி ஒனக்கு ஒண்ணும்..."

"அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே. நீ ஒன் வேலையப் பாரு. பெரியகருப்பண்ணன் இருக்காரு, அவரு மடியில வச்சுக்கலாம்." சிரித்தாள். "எல்லாரும் ஒண்ணுதான்."

பெரியகருப்பன் பெரியப்பா மகன். பங்காளித் தகராறில் அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை நின்று, போன பொங்கலுக்குத்தான் திரும்பவும் தொடங்கியிருந்தது. அறிவுச்செல்வன் திரையை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படித்தார். புருவம் சுருங்கவில்லை. குரல் உயரவில்லை. உதட்டில் சிரிப்பு. வழக்கமாகத் திட்டுகிற பெண் திட்டவேயில்லை. இதைவிட என்ன வேண்டும்? டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு சுகுணாவைக் கூப்பிட்டார்.

"கார்த்திகாட்ட பேசிட்டேன். கோவமே இல்ல."

"எப்படித் தெரியும்?"

"மூஞ்சியப் பாத்தேன்ல. சிரிச்சா."

"நல்லாப் பாத்தீங்களா?"

"எனக்குத் தெரியாதா?"

"சரிங்க. சீர்த்தட்டு நான் எடுத்துட்டுப் போறேன். போன வைங்க, பூக்காரம்மா வந்துருக்காங்க."

மறுநாள் ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் சுகுணாவிடமிருந்து போட்டோ வந்தது. அய்யனார் கோயில் வேப்பமரத்தடி. பெரியகருப்பன் மடியில் மொட்டைத் தலைக் குழந்தை வாயைப் பிளந்து அழுதது. காது குத்தினால் அழத்தான் செய்யும். மாப்பிள்ளை கேமராவைப் பார்த்து நின்றார். கார்த்திகா மட்டும் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். அறிவுச்செல்வன் பெரிதாக்கிப் பார்த்தார். வெயில், கண் கூசியிருக்கும் என்று முடிவு செய்து போனை அணைத்தார்.

அவருக்கு எதிரே இருந்தவர் ஷர்லி. நாகர்கோவில்காரர், நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஆட்டத்துக்கு நடுவில் இங்கிலீஷைத் தவிர வேறு மொழி பேசக்கூடாது என்பது விதி என்பதால், சீட்டுப் போடுவதற்கு முன்னால் அவசர அவசரமாகத் தமிழில் பேசினார்.

"தம்பி எந்த ஊரு?"

"புதுக்கோட்டைங்க."

"சித்தன்னவாசலுக்கு டூர் வந்திருக்கேன். என்னா வெயிலு! அங்க போட வேண்டிய கண்ணாடிய இங்க போட்டிருக்கீங்களே. சீட்டு தெரியுதா?"

அறிவுச்செல்வன் அவர் முகத்தைப் படித்தார். பேசுகிறவர் எதையோ மறைக்கிறவர். சீட்டு வந்தது. ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்த்தார். ஜோடி ராணி! கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டார். சில்லு வைத்தார். ஷர்லி யோசித்தார், பிறகு தன்னிடம் இருந்த குவியல் முழுவதையும் இரண்டு கையாலும் நடுவில் தள்ளினார். தள்ளும்போது கை நடுங்கியது. நடுங்கிய நடுக்கத்தில் இரண்டு சில்லு உருண்டு கீழே விழுந்தது.

பயம். சுத்தமான, கலப்படமில்லாத பயம். இத்தனை வருஷம் கட்டணம் கட்டிக் கற்றது இந்த நொடிக்காகத்தான். அறிவுச்செல்வனும் தன் குவியலைத் தள்ளினார்.

ஷர்லி சீட்டைத் திருப்பினார். ஜோடி ராஜா.

அதற்கப்புறம் நடுவில் விழுந்த பொதுச் சீட்டுகள் எதுவும் அறிவுச்செல்வனைக் காப்பாற்றவில்லை. நாற்காலியை விட்டு எழுந்தபோது அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது.

"மேடம், பயந்தீங்கதான? கை நடுங்குச்சே."

"எனக்குக் கை எப்பவும் நடுங்கும் தம்பி. ஊசி போட முடியலன்னுதான வேலையவே விட்டேன்" என்றார் ஷர்லி, சில்லுகளை வாரிக்கொண்டே. "நீங்கதான் நல்ல சீட்டு வந்தா கண்ணாடிய மேல ஏத்துறீங்க. ராஜா இல்லாட்டி நான் அப்பவே கவுத்திருப்பேன்."

குருட்டாம்போக்கில் ஏதோ சொல்கிறார் என்று அறிவுச்செல்வன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெளியே வந்தார். அந்த அம்மாவுக்கு உள்ளுக்குள் பயம் இருந்தது உண்மை. ராஜாவை வைத்துக்கொண்டு பயப்படுகிறவர்களும் உண்டு.

ஊர் திரும்பியதும் மருமகளுக்கு ஒரு தங்கச் சங்கிலி வாங்கிக்கொண்டு, சுகுணாவையும் கூட்டிக்கொண்டு ஆவுடையார்கோவிலுக்குப் போனார். காரை நிறுத்தும்போதே கார்த்திகா வாசலுக்கு வந்துவிட்டாள்.

"வாங்கண்ணே. உள்ள வாங்க. உக்காருங்க."

நல்ல நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். காற்றாடியைக் கூட்டிவைத்தாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"பயணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சு தா. புள்ள எங்க?"

"தூங்குதுண்ணே." பின்கட்டிலிருந்து பிள்ளை சிரிக்கிற சத்தம் கேட்டது. கார்த்திகா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "காபி சாப்பிடுறீங்களா, மோர் தரட்டுங்களா?"

சங்கிலியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். நல்லா இருக்கு என்றாள். எதற்கு இத்தனை செலவு என்று சண்டை போடவில்லை. லோடு ஏற்றிவிட்டார்களா என்று மாப்பிள்ளை கேட்டார், ஏற்றியாச்சு என்றார். சந்தோஷம் என்றார் மாப்பிள்ளை. கிளம்பும்போது கார்த்திகா உள்ளே போய், காதுகுத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுத்ததில் மிச்சமிருந்த தாம்பூலப் பை ஒன்றை எடுத்துவந்தாள். தேங்காய், வெற்றிலை பாக்கு, பையின்மேல் பிள்ளையின் பெயர். அதை அண்ணன் கையில் கொடுத்தாள்.

"அவ்வளவு வேலைக்கு நடுவுலயும் வந்ததுக்கு ரொம்ப சந்தோஷங்க."

கார் அறந்தாங்கி ரோட்டில் ஏறியதும் அறிவுச்செல்வன் வாய்விட்டுச் சிரித்தார்.

"பாத்தியா சுகுணா? நான் சொன்னேன்ல, கோவமே இல்லன்னு. முன்னாடியெல்லாம் வா போன்னு மட்டு மருவாதி இல்லாமப் பேசுவா. இப்ப வாய்க்கு வாய் வாங்க, போங்க. நாலு ஊரு போயி வியாபாரம் பண்ற அண்ணன்னு புரிஞ்சுபோச்சு அவளுக்கு."

சுகுணா மடியில் இருந்த தாம்பூலப் பையின் வாயைச் சுருட்டிப் பிடித்தபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவர் ஒருமுறை திரும்பி அவளையும் படித்தார். களைப்பு.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள், இப்படியும் ஒரு மனுஷரா என்று கேளுங்கள். ஆனால் இதை வாசித்துக்கொண்டிருந்தபோது யாரோ உங்கள் அறைக்குள் வந்து, ஏதோ சொல்ல நின்று, நீங்கள் நிமிர்ந்து "என்ன?" என்றதும், "சும்மாதான், நீங்க படிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்களே, அவர்கள் முகத்தைப் பார்த்தீர்கள் அல்லவா? சும்மாதான் என்று உங்களுக்கும் தெளிவாகத்தானே தெரிந்தது?